அம்மாவின் தலைக்கு எண்ணெய்

எண்ணெய் என்றால் ஊற்றுவது என்று நினைக்கிறவர்கள் வெயிலில் பிறந்தவர்கள். இலங்கை மலைநாட்டில், நானுஓயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழியும் தையும் வந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாக உட்கார்ந்துவிடும். குச்சியால் குடைந்துதான் எடுக்க வேண்டும். தலையில் வைத்தாலும் லேசில் உருகாது, கட்டி கட்டியாக முடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு குளிரில்தான் அம்மா நெஞ்சுச் சளியோடு படுத்தாள். எங்களையெல்லாம் இந்தியாவுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. எங்களுக்கு அம்மாவின் இருமலே போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் போடும் கம்பளிக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். மழையில் நனைந்து வந்தாலும் அடுப்படியில் உட்கார்ந்து, காயவைத்து, சீவி முடித்த பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பாள். படுத்ததிலிருந்து தலைக்குத் தண்ணீர் இல்லை. முடி பின்பக்கம் ஒரே சிக்காக, திரித்த கயிறு போல ஆகிவிட்டது. உடம்புத் தோல் சாம்பல் பூத்து வெடித்தது. விரல் இடுக்கிலும் குதிகாலிலும் கசிந்த ரத்தம் கம்பளியில் ஒட்டிக் காய்ந்திருக்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று சொன்னார்.

"முடியை எடுத்துருங்க. இப்பிடியே விட்டா பேன் விழுந்து தலையெல்லாம் புண்ணாயிரும். நான் அடுத்த தடவை வரும்போது முடி இருக்கக் கூடாது."

அவர் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்தாள்.

"புருசன் இருக்கையில என்னைய மொட்டையா அனுப்பிராதடி."

"உன்னைய எங்க அனுப்புறாங்க? சும்மா இரும்மா" என்றேன். எங்கே என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

சிக்கை எடுக்க எண்ணெய் வேண்டும். ஆனால் அப்பா கையை ஓங்காத குறையாகத் தடுத்தார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே காய்த்துப்போன கை அவருக்கு.

"நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு. தலையில எண்ணெயை வச்சே, அப்பறம் மனுசி எந்திரிக்கவே மாட்டா."

அவரைச் சொல்லி என்ன செய்ய? சளிக்காரியின் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எண்ணெய் குளிர்ச்சி. குளிர்ச்சி நெஞ்சில் இறங்கும். டாக்டரய்யாவின் மருந்தை நம்பாதவர்கள்கூட இதை நம்பினார்கள்.

ஆனாலும் நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பை மூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குளிப்பாட்ட முடியாத உடம்பு, அதனால் கழுவ வேண்டாத ஏதாவது வேண்டும். பூசினால் பூசியபடியே இருக்க வேண்டும், முடிக்கும் தோலுக்கும் ஒன்றே ஆக வேண்டும். தேங்காய் எண்ணெய் தனியாக உதவாது என்று தெரியும். நல்லெண்ணெயைத் தனியாக வைத்துப் பார்த்தேன், தலையணைக்குத்தான் போயிற்று. அப்பாவின் பித்தவெடிப்புக்கென்று, வலப்பனைப் பக்கமிருந்து தேன் கொண்டுவரும் சிங்களத்து ஆளிடம் வாங்கிய தேன்மெழுகு இருந்தது. அதில் பாக்களவு எடுத்து இரண்டு எண்ணெயோடும் உருக்கினேன். ஆறியதும் சீப்பே நுழையாத பசையாகி நின்றது. புளியங்கொட்டை அளவுக்குக் குறைத்தேன். இப்போது விரல் பட்டதும் இளகியது. ஆனால் வறண்ட தோல் மேல் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. வெந்தயம் ஊறிய தண்ணீரை விட்டேன், எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டது. கடைசியில் சோறு வடித்த கெட்டிக் கஞ்சியைச் சூடாக விட்டு, மத்தால் கை ஓயும்வரை கடைந்தேன். வெள்ளையாகத் திரண்டு வந்தது. தோட்டத்துப் பெரிய துரை வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து போட்ட பழைய சிகரெட் டின்னில் வழித்து வைத்தேன். ஒரு வாரம் கெடாமல் இருந்தது. அந்தக் குளிர் எங்களுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

அப்பா பார்த்துவிட்டார். நான் கத்தினேன், அவர் கத்தினார். பக்கத்துக் காம்பராவிலிருந்து அத்தை, அப்பாவின் அக்காள், வந்து பஞ்சாயத்துப் பண்ணினாள்.

"சூட்டுச் சாமான் போட்டா குளிர்ச்சி முறிஞ்சிரும். அப்பறம் பூசிக்கட்டும் தம்பி."

அவளே மிளகும் சுக்கும் அரைத்து என் டின்னில் கலந்தாள். "தோலெல்லாம் வெடிச்சிருக்கு அத்தை" என்றேன். "வெடிப்புக்கும் அதான் மருந்து" என்றாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவளே அம்மாவின் கையிலும் காலிலும் தலையிலும் தேய்த்துவிட்டாள்.

அம்மா கத்தவில்லை. கம்பளி நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது.

"எரியுதா?" என்றார் அப்பா.

"இல்ல, வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர்கள் எழுந்து போனதும் வெறும் கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். வெடிப்புகள் சிவந்து கிடந்தன. "ஏம்மா சொல்லல?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

"சொன்னா பூசவே விட மாட்டாரு" என்றாள்.

அதன் பிறகு மிளகு போட்ட டின் அடுப்படியில் கண்ணுக்குத் தெரிய இருந்தது. மிளகு இல்லாமல் மறுபடி கடைந்ததை இன்னொரு டின்னில் விறகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். நான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் அப்பா வெளியே போகிற பொழுதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுவேன். சிக்கை விரலாலேயே பிரிப்பேன், சீப்பை நடுவில்தான் எடுப்பேன். குதிகால் மூடிக்கொண்டு வந்தது. அடுத்த முறை வந்த டாக்டரய்யா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அம்மா சிரித்தாள்.

சிரித்தாளே தவிர இருமல் குறையவில்லை. அது கூடிக்கொண்டுதான் போயிற்று. ஒருநாள் அவளைத் தூக்கி உட்கார வைத்த அப்பா தலையை முகர்ந்து பார்த்தார்.

"மொளகு வாசமே இல்லியே புள்ள."

விறகை இழுத்துப்போட்டு டின்னைத் தேடி எடுத்தார். எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை, என் கைக்கு எட்டாத கூரைச் சட்டத்தில் தூக்கி வைத்தார். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

எண்ணெய் வைத்ததால்தான் போனாள் என்று லயத்தில் பேசினார்கள். என் காது பட அத்தையே பேசினாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

வாசலில் அம்மாவை உட்கார வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி, குளிப்பாட்டும் முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் தொட்டுத் தலையில் வைக்க வேண்டும். ஒரு சொட்டு வைக்கக் கூடாது என்றவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று வைத்தார்கள். அத்தைதான் முதலில் வைத்தாள். பிறகு மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைப் பிடித்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். எனக்குப் பல் கிட்டியது. நான் பூசியதெல்லாம் சீயக்காயோடு ஓடிப்போய், முடி மறுபடியும் வறண்டு முறுக்கிக்கொண்டது.

மஞ்சள் பூசி, புதுச்சேலை சுற்றினார்கள். தலையைச் சீவ உட்கார்ந்த பெண்ணிடமிருந்து சீப்பை வாங்கிக்கொண்டேன். சீப்பு முதல் இழுப்பிலேயே நின்றுவிட்டது.

அப்பா உள்ளே போனார். கூரைச் சட்டத்திலிருந்து டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டின்னை வைத்துப் பிடித்துக்கொண்டு, அது இளகும்வரை அம்மாவின் பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பூசி விடு தாயி. இனி அவளுக்குச் சளி புடிக்காது."

தலையில் பூசினேன், கையில் பூசினேன், குதிகாலில் பூசினேன். அதன் பிறகு சீப்பு உச்சியிலிருந்து இடுப்பு வரை எங்கேயும் நிற்காமல் இறங்கியது.