போகும்போது மட்டும் அரைமணி கூடுதல்

ஒரெஸ்ட் ஹ்லாதுனும் நானும் கனடாவின் வின்னிபெக்கில் ஒரே பணிமனையில் பள்ளிப் பேருந்து ஓட்டினோம். அவன் மனைவி லெஸ்யாவின் அலுவலகம் மேற்கே இருக்கும் கால்கரிக்கு மாறியதிலிருந்து, அவள் திங்கட்கிழமை காலை விமானத்தில் போய் வெள்ளிக்கிழமை திரும்புவாள். ஒரெஸ்டுக்கு விமானம் என்றாலே பயம். ஒருமுறைகூட ஏறியதில்லை.

பயத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. திரும்பி வரும்போது ஆகும் நேரத்தைவிட, போகும்போது அரைமணி கூடுதலாக ஆனது. கால்கரிக் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுவதையும் சேர்த்தே கணக்குப் பார்த்துவிட்டான். இறங்கியதும் லெஸ்யா போன் செய்வாள். பின்னணியில் ஓர் ஆண் சிரிப்பது கேட்கும். அது ரஸ்ஸல், அவளோடு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், காரில் அழைத்துப்போக வருபவன்.

"அதே தூரம். போக ஒரு நேரம், வர ஒரு நேரமா?" என்று ஒரெஸ்ட் என்னிடம் கேட்டான்.

"எதிர்க்காத்தா இருக்கும்பா."

"காத்துக்குத் திணற அது என்ன சைக்கிளா? அந்த அரைமணி அவன்கூட காபி குடிச்சிட்டுத்தான் எனக்கு போன் பண்றா."

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காய்ச்சல் என்று விடுப்பு சொல்லிவிட்டு, அவள் போகும் அதே விமானத்துக்கே சீட்டு வாங்கினான். தொப்பியை முகம் வரை இழுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். லெஸ்யா முன்னால் இருந்தாள். விமானம் எழும்பியபோது கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னானாம். பாதி வழியில் விமானி அறிவித்தார்: மேற்கிலிருந்து பலத்த காற்று, தாமதமாகத்தான் இறங்குவோம்.

நிம்மதியாகத்தான் இருந்தது, வெளியே வரும்வரை. ரஸ்ஸல் உயரமாக, நரைத்த தாடியோடு, கையில் இரண்டு காபியுடன் நின்றான். லெஸ்யா ஒன்றை வாங்கிக்கொண்டு, அவன் சொன்ன எதற்கோ தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று ஒரெஸ்டுக்கு நினைவு வரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"நீ எப்படி இங்க?"

"காத்துதானான்னு பாக்க வந்தேன்," என்றான்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. முகம் சிவந்தது. ஆனாலும், "என் வீட்டுக்காரர்," என்று ரஸ்ஸலிடம் அறிமுகப்படுத்தினாள். ரஸ்ஸல் தன் காபியை ஒரெஸ்டிடம் நீட்டினான். அவன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே போனான் ஒரெஸ்ட்.

அவள் தங்கும் அறைக்குப் போனதும் லெஸ்யா கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு வருஷமா வா வான்னு கூப்பிட்டேன். பயம், பயம்னே. சந்தேகம் வந்ததும் பயம் எங்க போச்சு?"

விடுப்பை வெள்ளி வரை நீட்டி அவன் அங்கேயே தங்கினான்; அவள் கோபம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில், பக்கத்து இருக்கையில், தரையிறங்கும்போது அவன் நடுங்கியதைப் பார்த்துக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை அவனும் போகிறான். ரஸ்ஸலோடு ஹாக்கி ஆட்டம் பார்க்கிறான்.

"நல்ல ஆளா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லவன்," என்றான், வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய பனியைச் சுரண்டியபடி. "அதான் எனக்கு அவனப் பிடிக்கவே மாட்டேங்குது."