சின்னராசு கேட்டு வாங்கிய உடற்பயிற்சிக் கூடம்

எங்கள் ஊரில் கல் உடைக்கப் போனவர்கள் எல்லாரும் இருமினார்கள். பீடிதான் காரணம் என்று ஊரே சொன்னது. சின்னராசு பீடியைத் தொட்டதே இல்லை, அவனும் இருமினான். அதற்கும் ஊர் ஒரு பதில் வைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊதுகிறார்களாம், அந்தப் புகை இவனுக்குள் போகிறதாம். எதிரே நாள் முழுக்கத் தூசி கக்கிக்கொண்டிருந்த கிரஷரை மட்டும் ஒருவரும் கைகாட்டவில்லை. கூலி கொடுக்கிற இடத்தைக் கைகாட்ட யாருக்கு மனசு வரும்?

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, உள்ளே பிரிகிற ரோட்டில் நடந்தால் எங்கள் ஊர். பாதி தின்று மீதி வைத்த மலை ஒன்று முதலில் தெரியும். எண்பதுகளின் கடைசியில் அதை ஏலம் விட்டார்கள். அடிவாரத்தில் கல் அரைக்கிற கிரஷர் வந்தது. மெட்ராஸில் எழும்பிய கட்டடங்களுக்கெல்லாம் எங்கள் மலை ஜல்லியாகப் போனது. அதை ஒட்டியிருந்த கிழக்குத் தெருவில் வேப்பமரம்கூட வெள்ளையாகத்தான் நின்றது.

மலையில் முதன்முதலில் வேலைக்குப் போனவர்களில் சின்னராசு ஒருவன். பாறையில் வெடிக்குழி போடுகிற வேலை. கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிற துளைக்கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால், குழியிலிருந்து எழும்புகிற மாவு நேராக மூக்குக்குத்தான் வரும். மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வான், அவ்வளவுதான் பாதுகாப்பு. நல்ல திடகாத்திரமான ஆள். தாமல் பக்கத்திலிருந்து கட்டிவந்த தாயாரம்மாள், கல்யாணமான புதிதில் அவன் தோளைப் பார்த்துப் பயந்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்வாள். நாற்பதைத் தாண்டுவதற்குள் அந்தத் தோளில் எலும்பு எழும்பிவிட்டது. டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகச் சாப்பிட்டான். இருமல் நிற்கவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள், மறுபடியும் சாப்பிட்டான்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இது டி.பி. இல்லை, கல்மாவு நுரையீரலில் படிந்துவிட்டது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். இதை அவன் தாயாரம்மாளிடமும் என்னிடமும் மட்டும்தான் சொன்னான். வெளியே தெரிந்தால் மேஸ்திரி அன்றைக்கே நிறுத்திவிடுவான். மகன் தினகரனுக்குப் பெண் கிடைக்காது.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது கிழக்குத் தெருக்காரர்கள் அவனை வார்டு உறுப்பினராக நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். நான் பக்கத்து வார்டு. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, நான் மலைப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே சின்னராசு எழுந்து, மாதம் ஒரு தடவை எக்ஸ்ரே வண்டியோடு ஒரு டாக்டர் ஊருக்கு வர வேண்டும் என்று கேட்டான். தலைவர் வேதாசலம் நல்ல மனுஷர்தான், ஆனால் எந்தக் காரியத்தையும் யார் தலையிலாவது கட்டிவிட்டால் தூக்கம் வரும் அவருக்கு. "நீயே போய் ஆபீஸ்ல கேளு சின்னராசு" என்று ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். துணைக்கு நானும் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். டாக்டருக்கெல்லாம் எங்களிடம் நிதி இல்லை, அது வேறு துறை என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, கிராமங்களில் உடற்பயிற்சிக் கூடம் கட்டத் திட்டம் வந்திருக்கிறது, ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கம் கொடுக்கும் என்றார்.

"ஆரோக்கியத்துக்குத்தானே கேக்கறீங்க? இதுவும் ஆரோக்கியம்தான்."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. நாள் முழுக்கக் கல் தூக்குகிறவனுக்கு இரும்பு தூக்கச் சொல்லித் தர ஒரு கட்டடமா! ஆனால் சின்னராசு வரும் வழியெல்லாம் அந்தக் கூடத்தையே யோசித்துக்கொண்டு வந்தான். ஊர் ரோட்டில் இறங்கி நடக்கும்போதுதான் நின்றான்.

"போலீஸ் செலக்‌ஷனுக்கு இன்னா இன்னா வெக்கிறாங்க?"

"ஓடணும், கயிறு ஏறணும், நெஞ்சு அளப்பாங்க. எதுக்குக் கேக்கற?"

"நம்ப தினகரன் பத்தாவது பாஸ் பண்ணிட்டுக் கிரஷர் வாய்ல கல்லு தள்ளிக்கினு கீறான். பழக்கிவுட்டா போலீஸ்ல எடுத்துக்க மாட்டாங்களா?"

மகனைக் கிரஷரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. வாய்வரைக்கும் வந்த கேலியையெல்லாம் நான் முழுங்கிக்கொண்டேன்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் கூட்டம் இழுத்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய மனை வழக்கில் இருந்தது. ஏரிக்கரைப் புறம்போக்கு தூரம், கரண்டும் கிடையாது. ஊர்ப் பங்கு யார் போடுவது என்று கேட்டதும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அப்போது கிரஷர் முதலாளி ஆள் அனுப்பினார். ஜல்லி, மணல், ஊர்ப் பங்கு எல்லாம் தன் பொறுப்பு, கிரஷர் வாசலுக்கு எதிரே இருக்கிற தரிசையும் எழுதித் தருகிறேன் என்றார். வேதாசலத்துக்கு முகம் மலர்ந்தது. அவர் பார்வை சின்னராசு மேல் போனது.

சின்னராசு தயங்கவே இல்லை. "நல்ல எடம்தான். லைட்டு கீது, ரோடு கீது. ஷிப்ட்டு முடிஞ்சி வர்ற பசங்க அப்டியே உள்ள போயிடலாம்" என்றான். தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவன்தான். எங்களுக்கெல்லாம் தூசி என்பது மழை, வெயில் மாதிரி ஆகியிருந்தது. இருக்கிறது என்று தெரியும், ஆனால் கணக்கில் வராது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவன் நெஞ்சில்தானே கல் இருந்தது. பையனுக்குக் காக்கிச் சட்டை போட்டுப் பார்க்கிற அவசரத்தில் அவனுக்கும் கண் மறைத்துவிட்டது.

கூடம் வந்தது. மஞ்சள் சுவர், சிமென்ட் ஜன்னல், இரும்புத் தண்டுகள், எடைத் தட்டுகள், தொங்குவதற்கு ஒரு குறுக்குக் கம்பி. உத்திரமேரூர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த அஹமது பாட்சாதான் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். வாலிபத்தில் எடை தூக்கிப் பரிசு வாங்கியவர். வெறும் வியாபாரத்தோடு போக அவருக்கு மனசில்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் முடிந்தபோதெல்லாம் சாயங்காலம் சைக்கிளில் வந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கிழக்குத் தெருப் பையன்களைப் பார்த்து அவரே அசந்துபோனார். கல் தூக்கிப் பழகிய கைகள், இரும்பை விளையாட்டாகத் தூக்கின. அதிலும் தினகரன்! தகப்பனுடைய பழைய தோள் அப்படியே அவனுக்கு வந்திருந்தது. சின்னராசு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சில மாதங்கள்தான் நான் அவனைச் சந்தோஷமாகப் பார்த்தது.

போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்த சமயம், பாட்சா பாய் ஒரு டெய்லர் டேப் கொண்டுவந்தார். நெஞ்சு அளவு இரண்டு தடவை எடுப்பார்கள். சும்மா நிற்கும்போது ஒன்று, மூச்சை இழுத்துப் பிடித்தபோது ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். முதலில் மேற்குத் தெருப் பையன் வேதகிரியை நிறுத்தினார். மாடு மேய்க்கிற நோஞ்சான் பையன், தண்டில் பாதி எடையைக்கூடத் தூக்க மாட்டான். மூச்சை இழுத்தான், டேப் தாராளமாக விரிந்தது. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

அடுத்தது தினகரன். சும்மா நின்றபோதே அகலமான நெஞ்சு.

"இழு தம்பி" என்றார் பாய். இழுத்தான்.

"இன்னும் இழு."

"இழுத்துட்டேன் பாய்."

பாய் டேப்பை அவிழ்த்து மறுபடி சுற்றிப் பார்த்தார். மூன்றுக்கு மேல் போகவில்லை. தினகரன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தான், இருமல் வந்துவிட்டது. கிழக்குத் தெருப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒருத்தனுக்கும் ஐந்து வரவில்லை. பாய்க்குக் காரணம் புரியவில்லை. "பழக்கம்தான் தம்பிங்களா, பேஜார் பண்ணிக்காதீங்க, வந்துடும்" என்றார்.

வாசற்படியில் இருந்த சின்னராசு எழுந்து வெளியே போனான். நான் பின்னால் போனேன். எதிரே கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது, தூசி எழும்பி நேராகக் கூடத்தின் ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான்.

"எனக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சிது" என்றான். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போலீஸ் தேர்வுக்கு எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பொய் சொல்லி மகனை அதே டாக்டரிடம் கூட்டிப்போனான். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் கேட்டான். ஆரம்பித்துவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் தூசி பக்கமே விடாதே என்றார் டாக்டர். தூசிக்குள் ஓடுவதும் எடை தூக்குவதும் இன்னும் கெடுதல், சும்மா இருக்கிறவனைவிடப் பல மடங்கு தூசி உள்ளே போகும் என்றார். சின்னராசு ஊருக்கு வந்து மகனிடம் எதையும் சொல்லவில்லை. தேர்வுக்கு முன்னால் பையன் மனசு விட்டுவிடுவானே என்ற பயம். டாக்டர் சொன்னது தப்பாகக்கூட இருக்கலாமே என்ற நப்பாசையும் இருந்தது. கிரஷர் வேலையை மட்டும் நிறுத்தச் சொன்னான். அதற்குள் அவனாலும் குழி போட முடியாமல் போயிருந்தது. தாயாரம்மாள் ஒருத்தி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வீட்டை ஓட்டினாள். கிரஷர் வேலை இல்லாத தினகரனோ, பொழுதெல்லாம் கூடத்திலேயே கிடந்தான்.

ஒரு நாள் காலை கூடத்தின் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. சாவி சின்னராசு இடுப்பில். பையன்கள் கூடிவிட்டார்கள், தலைவர் வந்துவிட்டார்.

"இன்னாய்யா இது? நீதான கேட்டு வாங்கின, எடம் காட்டினதும் நீதான, இப்ப நீயே பூட்டு போடற?" என்று வேதாசலம் கத்தினார்.

"தூசி ஆவாது தலைவரே. வேற எடத்துல கட்டலாம்."

"கட்டலாம், உங்கப்பன் வூட்டுப் பணம்!"

அங்கேயே நோயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றது முழுக்கக் கிழக்குத் தெருப் பையன்கள். உங்கள் எல்லார் நெஞ்சிலும் கல் இருக்கிறது என்று அத்தனை முகங்களுக்கும் நேராக எப்படிச் சொல்வது? அவன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். நானும் சொல்லவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து தினகரன் கடப்பாரையோடு வந்தான்.

"நவுறு நைனா. இன்னும் பத்து பாஞ்சு நாளுதான் கீது. எனக்கு நெஞ்சு ஏத்தணும்."

ஒரே நெம்பு, பூட்டு தெறித்து விழுந்தது. பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தினகரன் வெளியே வரவில்லை. உள்ளே அவன் மூச்சிரைக்கும் சத்தம் கிரஷர் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. சின்னராசு படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

தேர்வு காஞ்சிபுரத்தில் நடந்தது. நெஞ்சளவு முதலிலேயே வைத்துவிட்டார்கள். ஓடவோ கயிறு ஏறவோ அவனை விடவே இல்லை. வேதகிரி அதில் தேறி உள்ளே போனான். தினகரன் மத்தியானமே திரும்பிவிட்டான். நான் அப்போது சின்னராசு வீட்டில்தான் இருந்தேன்.

"மூணுதான் வந்திச்சு நைனா. பரவால்ல. அடுத்த தபா வந்துடும், பாய் சொன்னாரு."

சின்னராசு மகனை நிமிர்ந்து பார்த்தான்.

"வராதுடா. எனக்கு இன்னா கீதோ அதான் உனக்கும் கீது. டாக்டரு அன்னிக்கே சொல்ட்டாரு. பழகப் பழக இன்னும் சுருங்குமே தவிர விரியாது. கூடத்துக்கும் போவாத, கிரஷருக்கும் போவாத. எங்கனா போயிடு கண்ணு."

தினகரன் கோபப்படுவான், அழுவான் என்று நினைத்தேன். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"எங்க போறது? போலீஸுக்குன்னுதான கிரஷர வுட்டேன். அது இல்லன்னு ஆயிடிச்சு. நீ ஒக்காந்துட்ட, நானும் ஒக்காந்துட்டா அம்மா ஒண்டியா இன்னா பண்ணும்? மேஸ்திரிகிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லிடறேன்."

தப்பிக்கட்டும் என்றுதான் உண்மையைச் சொன்னான் சின்னராசு. அது பையனைக் கிரஷர் வாய்க்கே திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கு இன்றைக்கும் அந்த வீட்டை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை தாயாரம்மாள் தூக்குப் பாத்திரத்தில் சோறு போட்டுக் கொடுத்தாள். சின்னராசு எழுந்து வந்து வாசலை மறித்து நின்றான். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டான். போகாதே என்று சொல்லப் பார்த்தான், இருமல்தான் வந்தது. தினகரன் தகப்பனை அப்படியே இடுப்போடு தூக்கி, நெல் மூட்டையை இறக்கி வைப்பது போல மெதுவாகச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனான். கூடத்தில் ஏற்றிய பலம் அதற்குத்தான் உதவியது.