அண்ணன் முதுகில் காற்று

கிளாத்தென் சந்தையில் பொனிராவிடம் யாரும் போய் "நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். அறுபதைத் தாண்டிய வயது. அவித்த கீரையின் மேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றி வாழையிலையில் மடித்துக் கொடுக்கும் வியாபாரம். "இன்னைக்குக் குழம்புல உப்பு ஜாஸ்தி, நாளைக்கு வா" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். புதுப் பெண்டாட்டியோடு வந்து நின்ற ஒருவனிடம், "போன வருஷம் கூட்டிட்டு வந்த பொண்ணு இன்னும் கொஞ்சம் உயரம்" என்றாள். கெட்ட எண்ணம் கிடையாது, சத்தியமாகக் கிடையாது. கண்ணுக்கும் நாக்குக்கும் நடுவே மற்றவர்களுக்கெல்லாம் ஒரு கதவு உண்டே, அது அவளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் மார்த்தோ இரண்டு மாதமாக அவளோடு பேசாததற்கும் அந்த நாக்குதான் காரணம். அவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி போன பிறகு ஒரு மணிப்புறாவைக் கூண்டில் வைத்து, கூண்டைக் கம்பத்தில் ஏற்றி, அது கூவுவதைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறார். புறாக்கள் கூவும் பாட்டுப் போட்டிக்கு அதைத் தயார் செய்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சளி பிடிச்ச கோழி மாதிரி இருக்குண்ணே" என்றாள். அதோடு சரி.

அப்படிப்பட்ட அண்ணனின் மருமகள் லாஸ்த்ரி ஒரு நாள் காலையில் சந்தைக்கே ஓடி வந்தாள்.

"அத்தை, மாமாவுக்கு முடியல. காத்து பிடிச்சிருக்காம். முதுகு சுரண்டணுமாம். உங்களைக் கூப்பிட்டார்."

"என்னையா? பேரைச் சொன்னாரா?"

"பேரைச் சொல்லல. 'அந்த வாய்க்காரியை வரச் சொல்லு'ன்னார்."

"அப்ப நான்தான்" என்று பொனிரா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

காற்றுப் பிடித்தால் முதுகில் எண்ணெய் தடவி, பழைய கனத்த காசு ஒன்றால் வரிவரியாகச் சுரண்டவேண்டும். வரி சிவந்தால் உள்ளே காற்று. ரத்தமாய்ச் சிவந்தால் நிறையக் காற்று. அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம் இது. மார்த்தோவின் மகன் கப்பலில் இருக்கிறான், மாமனார் முதுகில் மருமகள் கை வைத்தால் நன்றாயிருக்காது, ஆக வாய்க்காரியை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை.

மார்த்தோ வெற்று முதுகோடு மூங்கில் கட்டிலில் குந்தியிருந்தார். தங்கை உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"லாஸ்த்ரி, வந்தவங்களை வந்த வேலையைப் பார்க்கச் சொல்லும்மா."

"லாஸ்த்ரி, உட்கார்ந்திருக்கிறவரை நேரா உட்காரச் சொல்லு" என்றாள் பொனிரா. எண்ணெயைக் கையில் ஊற்றி அவர் முதுகில் வைத்தவள் கையை அங்கேயே நிறுத்தினாள். வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில் முதுகு சில்லிட்டிருந்தது. அதன் மேல் வேர்வை கோடுகோடாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணே வலி?"

கோபத்தை மறந்து அவரே நேராகப் பதில் சொன்னார். "நெஞ்சுல ஒரு பாரம். இடது கை கடுக்குது. தாடைகூட வலிக்குது, பல்லுவலி மாதிரி."

பொனிராவின் புருஷனும் இதே பல்வலியைத்தான் சொன்னான். அவளும் ஆசையாக உட்காரவைத்துச் சுரண்டினாள். என்னமாய்ச் சிவந்தது அந்த முதுகு. இவ்வளவு காற்றையும் எடுத்துவிட்டோமே என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினாள். சாயங்காலம் அதே முதுகைக் குளிப்பாட்டி எடுத்துப்போனார்கள்.

"அண்ணே, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"ஆஸ்பத்திரியா? நடந்து போன நம்ம தெரு பார்ஜோ படுத்துக்கிட்டுத் திரும்பி வந்தான். நாளைக்குப் புறாவுக்குப் போட்டி இருக்கு. நீ சுரண்டு."

"போட்டி கெடக்குது, எழுந்திருண்ணே."

"முதல்ல சுரண்டு. சிவந்தா காத்து, நான் இஞ்சித் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கறேன். சிவக்கலைன்னா நீ சொல்ற இடத்துக்கு வர்றேன். ஆம்பளை வார்த்தை."

வாதாட நேரமில்லை. இந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகவும் ஆளில்லை. காசை எடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு வரி இழுத்தாள். சிவக்காதே, சிவக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அவர் முதுகு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்துகொண்டே வந்தது. அழுத்தாமல் இழுத்தாலும் சிவந்தது. சண்டைக்கென்றே சிவந்தது.

"என்ன, எப்படி இருக்கு?"

பொனிரா வாயைத் திறந்தாள். "நல்லா சிவந்திருக்கு" என்கிற வார்த்தை பழக்கதோஷத்தில் பல் வரைக்கும் வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினாள்.

"சிவக்கலைண்ணே."

வாசற்படியில் நின்ற லாஸ்த்ரி முதுகைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். "அத்தை, அதுதான் நல்லா..." என்று ஆரம்பித்தவள் பொனிராவின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு வரிகூடவா?" மார்த்தோவின் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு வரிகூட இல்ல. வெள்ளைவெளேர்னு கெடக்கு."

"லாஸ்த்ரி, அந்தக் கண்ணாடியை எடு."

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு மாமா" என்றாள் லாஸ்த்ரி. கண்ணாடி அவர் தலைக்கு மேலே ஆணியில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் இருக்கிறதே, அது சொறி மாதிரி, ஒருத்தருக்கு வந்தால் வீட்டுக்கே பரவிவிடும்.

மார்த்தோ தங்கை பக்கம் திரும்பினார். "பொனிரா, நிஜமாவா?"

"நான் என்னைக்குண்ணே உன்கிட்ட பொய் சொன்னேன்?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார். இவள் அவருடைய புறாவைப் பற்றியே அப்படிச் சொன்னவள். அவர் முகம் வெளிறி, "சட்டையை எடு" என்றார்.

லாஸ்த்ரி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கிர்னோவைக் கூட்டி வந்தாள். கோழி ஏற்றும் மூன்று சக்கர வண்டி வைத்திருப்பவன். உள்ளே வந்தவன் வாயைச் சும்மா வைத்திருக்கலாம்.

"அடேயப்பா, மாமா முதுகு என்ன இப்படிச்..."

பொனிரா சட்டையை மார்த்தோவின் தலையோடு போட்டு மூடினாள். "இப்படி வெளுத்திருக்குன்னு நாங்களும்தான் பார்த்தோம். நீ வண்டியை எடு."

கோழிக் கூடைகளுக்கு நடுவே பாய் விரித்து அண்ணனை உட்காரவைத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் "கோழியோடவா என்னைக் கொண்டு போறீங்க" என்று அவர் முனகிக்கொண்டு வந்தார். முனகுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு அது சங்கீதமாக இருந்தது.

டாக்டர் பிறகு வெளியே வந்து சொன்னார்: இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. எடுத்தாகிவிட்டது. நல்லவேளையாகச் சீக்கிரம் கொண்டு வந்தீர்கள், வீட்டில் படுத்திருந்தால் அவ்வளவுதான். பொனிரா பெஞ்சில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். மார்த்தோ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி தொடாமல் ஆறிக் கிடந்தது.

"நர்ஸ் பொண்ணு என்னைத் திருப்பிப் படுக்கவெச்சா" என்றார். "முதுகைப் பார்த்துட்டு இன்னொரு பொண்ணை வேற கூப்பிட்டுக் காட்டினா. அவ்வளவு சிவப்பாம்."

பொனிரா ஆறிய கஞ்சியை மூடிவைத்தாள்.

"அப்ப நீ பொய் சொன்னே."

"ஆமா."

"நீ?"

"நானேதான்."

அவர் கூரையிலிருந்து கண்ணை அவள் பக்கம் திருப்பினார். "டாக்டர் என்ன சொன்னார்?"

"நீ பொழைச்சுட்டேன்னார். பத்தியமா இருந்தா ஒரு குறையும் இல்லையாம்."

"சரி" என்றார். பொய்க்காரி சொன்னதால் இதுவும் பொய் என்று அவர் முடிவுகட்டிவிட்டது, அந்த 'சரி'யைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "லாஸ்த்ரி, பையனுக்குத் தகவல் சொல்லிடும்மா. என்னை உன் மாமியாருக்குப் பக்கத்துல வைங்க. புறாவைக் கிர்னோகிட்ட கொடுத்துடாதே, வறுத்துடுவான்."

"மாமா, நிஜமாவே நல்லாயிட்டீங்க."

"கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னவதானே நீ."

டாக்டரே வந்து சொன்னார். அவர் போனதும் மார்த்தோ, "கூடப்பிறந்தவளே பொய் சொல்றா, வெள்ளைக் கோட்டுக்காரர் சொல்லமாட்டாரா" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கரண்டிக் கஞ்சி இறங்கவில்லை. இப்படிப் பட்டினி கிடந்தால் மாத்திரை கொடுக்க முடியாது, இதயம் மறுபடி மக்கர் பண்ணும் என்று நர்ஸ் பொனிராவை விரட்டினாள். எத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த உண்மை, ஒரே ஒரு பொய்யில் செல்லாமல் போய்விட்டதே. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிண்ணே. இனி மறைச்சு என்ன ஆகப்போவுது. நீ செத்துடுவே. இன்னைக்கோ நாளைக்கோ."

மார்த்தோ கண்ணைத் திறந்து தங்கை முகத்தை உற்றுப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கண்ணில் தளும்பி நின்றதையும் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

"பொய்" என்றார். "இப்பவும் பொய்தான் சொல்றே. அந்தக் கஞ்சியை எடு."

பொனிரா கரண்டியை எடுத்தாள். ஊட்டிய அவசரத்தில் பாதிக் கஞ்சி அவர் தாடையில் வழிந்தது.