அம்மாள் என் வாயைத் திறந்த வெள்ளிக்கிழமை

அம்மாளின் அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து ஆறு வருஷமாகப் பின்னடித்துக்கொண்டு வந்தனான். எழுத்து எனக்குப் பெரிதாக வராது, எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பின்னடித்தது அதுக்காக இல்லை. வெட்கத்துக்காக.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் வயல் செய்கிற ஆக்கள். எங்களுக்கு ஒரே மகள், கௌசி. உயர்தரப் பரீட்சையில் நல்லாகச் செய்து, தெற்கில் இருக்கிற பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாயம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

யுத்தத்தின் கடைசிச் சண்டை நேரம் ஒரு கையில் கௌசியையும் மற்றக் கையில் என் தங்கச்சியையும் பிடித்துக்கொண்டு சனத்துக்குள்ளால் ஓடினனான். தங்கச்சியின் கை விடுபட்டுப் போச்சு. அவள் எங்கே என்று இன்றுவரைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு கௌசி பள்ளிக்கூடத்தால் வர அரை மணித்தியாலம் பிந்தினாலே வாசல் படலையில் போய் நிற்பேன். மொழி தெரியாத ஊருக்கு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குள் எப்படி விடுவேன்?

கிளிநொச்சி ரவுணில், பட்டணத்துக்குள்ளேயே, ஒரு சின்னத் தனியார் கல்லூரி இருந்தது. நாற்பது ஐம்பது பிள்ளைகள்தான். கணக்கியல் படிப்பு. காலமை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்திடலாம். அதில் சேரச் சொல்லி அழுதேன். "வயலைப் படிக்கத்தானே அம்மா நான் இவ்வளவு கஷ்டப்பட்டனான்" என்றாள். இரண்டு கிழமை வீட்டில் சண்டை.

கடைசியில் என் மனுசன், "ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. அம்மாளிட்டப் பூக்கட்டிப் பாப்பம். அவா சொல்லுறதுதான் முடிவு" என்றார். சிவப்புப் பூ வந்தால் பல்கலைக்கழகம். வெள்ளை வந்தால் ரவுண் கல்லூரி.

பூவை வாழையிலையில் சுற்றிக் கட்டுகிற வேலை என்னுடையது. செவ்வரத்தம்பூவைக் கையில் எடுத்தனான். திரும்ப வைத்தனான். இரண்டு பொட்டலத்துக்குள்ளும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

ஐயர் அதுகளை அம்மாளின் காலடியில் வைத்துத் தீபம் காட்டி, கௌசியையே ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரித்தாள். வெள்ளை. மற்றதை ஒருவரும் பிரிக்க முன்னம் நான் எடுத்து மடிக்குள் செருகினேன். "அம்மாள் சொன்னால் சரி" என்றாள் பிள்ளை. பல்கலைக்கழகக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்தாள்.

நிம்மதி வரும் என்று நினைத்தனான். வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பதிய இன்னும் பத்து நாள் இருந்தது. அது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் பிள்ளை என் முகத்தில் முழிப்பாளா? சொல்லாவிட்டால்? விளக்கேற்றவே கை கூசியது. "தாயே, உன்னை ஏமாத்திப்போட்டன். நீயே ஒரு வழி விடு. எனக்கு ஏலாது." வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடைசி நாள். அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். கௌசி எனக்கு முன்னால் கோயில் வீதி சுற்றிக்கொண்டு போனாள். பின்வீதியில் கண்ணை மூடி நின்று அவள் கும்பிட்டது என் காதில் விழுந்தது. "அம்மாளாச்சி, நீ சொன்னபடி செய்யிறன். ஆனா அந்த ஆசையை என்னட்டயிருந்து எடுத்துவிடு. போகுதில்லை."

என் வாய் திறந்துபோச்சு. நான் திறக்கவில்லை, சத்தியம். "பிள்ளை, அவா ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் ரெண்டிலயும் வெள்ளை வைச்சனான்" என்று அந்த மண்ணிலேயே இருந்து குழறினேன்.

கௌசி வந்து எனக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினாள். பிறகு, "ஐயோ அம்மா, அம்மாளையே ஏமாத்திப் பேய்க்காட்டினீங்களோ? நான் சோதினையில கொப்பியடிச்சா மட்டும் அடிக்க வருவீங்கள்!" என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

வீட்டில் மனுசனுக்கும் உண்மையைச் சொல்லிப்போட்டு, "திரும்பப் பூக்கட்டுவமோ?" என்று பயந்து பயந்து கேட்டேன். "இனி எந்த முகத்தோட கேக்கப்போறாய்? அவா சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டா" என்றார் மனுசன். அடுத்த நாள் காலமையே மகளை ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கொம்பியூட்டர் கடையில் பல்கலைக்கழகத்துக்குப் பதிந்துபோட்டு வந்தார். என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். அவள் படித்த நாலு வருஷமும் பின்னேரத்தில் போன் அடிக்கும்வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டே திரிவேன். என்னால் ஒன்றும் செய்ய ஏலாது, தாயே நீ பார் என்று இருக்கப் பழகினேன். அம்மாள் என்னில் செய்த மாற்றம் அதுதான். இப்போது கௌசி பூவரசங்குளம் பக்கம் வயல்காரருக்கு விதைநெல், பூச்சி, நோய் எல்லாம் சொல்லிக் குடுக்கிற வேலையில் இருக்கிறாள். அம்மாளுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் காணாது.

ஆனால் ஊரில் இதை வேறுமாதிரிச் சொல்கிறார்கள். பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்தபடியால்தான் பிள்ளை போனாளாம். கேட்கக் கேட்கக் கூசுது. சிவப்பு வரவில்லை. வர நான் விடவில்லை.

என்னைப்போல் பிள்ளையைப் பிடித்த கை விடத் தெரியாமல் இருக்கிற தாய்மாரே, அம்மாளிட்ட ஒப்புக்கொடுங்கோ. கள்ளம் செய்த என்னையே அவா தள்ளிவிடவில்லை. இதை மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ. சொல்லேக்க என் பிழையை விட்டுப்போட்டு அழகாக்கிச் சொல்லாதேயுங்கோ. நடந்தபடியே சொல்லுங்கோ.