அனுமதி பெற்ற தொட்டி

என் பெரியப்பா எந்தக் கட்டடத்தையும் நேரில் போய்ப் பார்க்க மாட்டார். பார்த்தால் மனசு மாறிவிடுமாம்.

நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில், கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால், உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர் அவர். ஊரில் பாதி வீடுகள் அவர் கையைத் தாண்டித்தான் எழும்பின. அவற்றில் ஒன்றின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. "காகிதம் நேரா இருந்தா கட்டடம் நேரா இருக்கும்" என்பார். ஒருமுறை அவர் ஒப்புதல் கொடுத்த மாடிப்படி ஒன்று கட்டி முடித்த கையோடு சரிந்தது. கோப்பை வரவழைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, "நம்மகிட்ட எல்லாம் சரியா இருக்கு" என்று மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாராம். பெருமையாக அவரே சொன்ன கதை இது.

தெருவில் அவருக்குப் பெயர் முத்திரை. எதிரில் சார், முதுகு திரும்பினால் முத்திரை. அது அவருக்கும் தெரியும். பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரை உடைத்து ஜன்னல் வைக்கப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். எனவே பெரியம்மா புகையிலேயே சமைத்தாள். அவள் கேட்டபோதெல்லாம் பெரியப்பா, "விண்ணப்பம் நிலுவையில இருக்கு" என்றார். விண்ணப்பத்தைப் போட்டதும் அவர், நிறுத்தி வைத்ததும் அவர்.

"என்னக் கட்டிக்கிட்டதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?" என்று பெரியம்மா கேட்பாள்.

"அது பதிவாகியிருக்கு" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

ஓய்வு பெற்ற பிறகு இப்படிப்பட்ட ஒருவரை வீட்டில் யார் சகித்துக்கொள்வது? நல்லவேளையாக உலகம் அவருக்கு ஒரு தொழிலை உண்டாக்கிக் கொடுத்தது. பழைய கட்டடத்தை அடமானமாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் வங்கிகள், அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்தன. பட்டறை இருந்ததா, சாயக் கிடங்கு இருந்ததா, ஏதாவது புதைத்து வைத்திருக்கிறார்களா? இதைக் கண்டுபிடிக்கக் கட்டட அனுமதிக் கோப்புகள் நல்ல வழி. எதைக் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், எங்கே தோண்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் யாரோ அனுமதி கேட்டிருப்பார்கள். கேட்டது எழுத்தில் இருக்கும். அழகான யோசனை. கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரு கட்டடத்தின் பழைய வாழ்க்கை முழுவதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசித்துவிடலாம்.

பெரியப்பாவுக்கும் சிலிர்த்தது. தன் கோப்புகளைக் கடைசியில் உலகம் தேடி வந்துவிட்டது என்று நினைத்தார். வீட்டு முன்னறையில் மேசை போட்டார். 'சுற்றுச்சூழல் இடர் மதிப்பீடு' என்று பலகை மாட்டினார். அந்தப் பலகைக்கும் அனுமதி வாங்கினார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சுற்றுச்சூழல் அறிவியல். வேலை தேடி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா என்னை உதவிக்கு அழைத்தார். அன்றிலிருந்து என் பெயர் டிகிரி. "டிகிரி, மின்விசிறியப் போடு. டிகிரி, இதத் தட்டச்சு பண்ணு." அவர் கையெழுத்தை நான் கணினியில் ஏற்றுவேன், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முத்திரை குத்துவார்.

அவருடைய அறிக்கையில் இரண்டே தலைப்புகள்: வசதிகள், குறைகள். அனுமதி வாங்கியதெல்லாம் வசதி. வாங்காததெல்லாம் குறை. அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான். ஒரு வீட்டின் பின்புறம் அனுமதியில்லாமல் நின்ற கோழிக்கூண்டைக் கண்டித்து அரைப் பக்கம் எழுதினார். அதே மனையில் முன்பு முறைப்படி நடந்த பெயிண்ட் கிடங்குக்கு ஒரே வரி: 'கோப்பு சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளது.'

சொல்லிப் பார்த்தேன். "பெரியப்பா, கோழியால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பெயிண்ட்டுதான் மண்ணுக்குள்ள இறங்கும்."

"ஆபத்துன்னா நாங்க அனுமதி குடுத்திருப்போமா?"

ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு 'நாங்க'தான். நான் தட்டச்சுக்குத் திரும்பிவிடுவேன். வங்கிகளும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு தாள், அதில் ஒரு முத்திரை. உள்ளே கோழி இருந்தால் என்ன, யானை இருந்தால் என்ன?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, அக்காவின் வீடு வரும்வரை.

அக்கா கைக்குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வாடகைக்கு இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தெருமுனையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. கீழே ஒரே பெரிய அறை, புதிதாக அடித்த வெள்ளை, வழுவழுவென்ற தரை. "தவழ்ற பிள்ளைங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்குடி" என்று அக்கா மாய்ந்துபோனாள். வங்கி மண் அறிக்கை கேட்டது. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே ஏன் போவது என்று அவள் பெரியப்பாவிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. குழந்தைகளின் பெற்றோரிடமும் புது முகவரியைச் சொல்லிவிட்டாள்.

பெரியப்பாவின் கையெழுத்துப் பிரதி என் மேசைக்கு வந்தது. தட்டச்சு செய்துகொண்டே போனேன். வசதிகள்: கொதிகலன் அறை, முறைப்படி. உயரமான புகைபோக்கி, முறைப்படி. தரைக்கடியில் இரும்பாலான கரைப்பான் தொட்டி, முறைப்படி. பெரிய அறையின் தரையை உயர்த்தும் பணி, மிகவும் முறைப்படி.

வாய்விட்டுச் சிரித்தேன். விஷத் தொட்டியை வசதியில் சேர்க்கிற மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். இந்த முறை மாட்டிக்கொண்ட புண்ணியவான் யார் என்று பக்கத்தின் தலைக்குப் போய் முகவரியைப் பார்த்தேன். அக்காவின் வீடு.

அது முன்பு ட்ரை கிளீனிங் கடை. துணிகளைத் தண்ணீரில்லாமல் வெளுக்கும் கரைப்பானை அந்தத் தொட்டியில்தான் ஊற்றி வைத்திருக்கிறார்கள். தொட்டி துருப்பிடித்தால் அது மண்ணில் ஊறும். பிறகு ஆவியாகித் தரையின் விரிசல்கள் வழியே மேலே வரும். அறைக்குள் நிற்கிறவரைவிடத் தவழ்கிறவரின் மூக்குத் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் அசையவே இல்லை.

"கோப்புல எல்லாமே முழுசா இருக்கு டிகிரி. இப்படி ஒரு கோப்ப நான் பாத்து ரொம்ப நாளாச்சு."

"மண்ண எடுத்து சோதிக்கணும் பெரியப்பா."

"தோண்டறதுக்குத் தனி அனுமதி வேணும்."

அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் அவள் என்னைவிட நேராகக் கேள்வி கேட்கிறவள்.

"தொட்டி இப்ப அங்க இருக்கா, இல்லையா?"

"இருக்கலாம். எடுத்தும் இருக்கலாம். மேற்கொண்டு ஆய்வு பண்ணினாத்தான்..."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதச் சொல்லவா உன்ன அத்தன வருஷம் படிக்க வச்சோம்? நான் அந்தப் பிள்ளைங்களப் பெத்தவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"

பெரியப்பாவுக்கு அனுமதி என்றால் எனக்கு 'மேற்கொண்டு ஆய்வு'. இரண்டையும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். படித்து நான் வாங்கி வந்ததும் ஒரு முத்திரைதானோ என்று தோன்றியது. தோன்றியதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை எல்லோரும் அந்த வீட்டுக்கே வர வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். பெரியப்பா வழக்கம்போல மறுத்தார். பெரியம்மாதான் கிளப்பினாள்.

"சமையலறையில ஜன்னல் இருக்காம். அது எப்படி இருக்கும்னு நான் பாக்கணும். வர்றீங்களா, நான் தனியாப் போகவா?"

வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கோப்புக்குள்ளேயே கால் வைத்தார். வைத்த காலே தடுக்கியது. நடையிலிருந்து பெரிய அறைக்கு ஏறும் இடத்தில், வேறு எந்த வாசலிலும் இல்லாத ஒரு படி இருந்தது. கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு, "இந்தப் படிக்கு அனுமதி இருக்கு" என்றார்.

வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார். வாசனை எண்ணெய் தடவிச் சீவிய தலை, வாய் நிறையச் சிரிப்பு. பெரியம்மா நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டினாள். அதன்பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "இங்க கீழ ஒரு தொட்டி இருந்துதாமே?"

"அந்தக் காலத்துத் தொட்டியாம்மா?" வீட்டுக்காரர் கையை விசிறினார். "அதெல்லாம் எப்பவோ எடுத்துக் கடாசியாச்சு. நீங்க நிம்மதியா இருங்க."

அக்காவின் தோள்கள் தளர்ந்தன. என்னைப் பார்த்தாள். பார்வையில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது: வீணாகப் பயமுறுத்திவிட்டாயே என்று. நான் மேற்கொண்டு ஆய்வு என்று வாயெடுப்பதற்குள் பெரியப்பாவின் குரல் எழுந்தது. கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தப் பழைய குரல்.

"எடுத்தீங்களா? எந்த அனுமதியில எடுத்தீங்க?"

"அது... எங்கப்பா காலத்துல சார்."

"யார் காலமா இருந்தா என்ன? தொட்டி புதைக்க ஒரு விண்ணப்பம், எடுக்கறதுக்குத் தனி விண்ணப்பம். புதைச்சதுக்கு இருக்கு. எடுத்ததுக்கு இல்ல. எங்க பிரிவுக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு தொட்டி வெளிய வந்துதா? எந்த லாரியில ஏத்தினீங்க? எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க? இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா?"

"சார், சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? நாளைக்கே நான் எழுதிக் குடுக்கறேன். வந்து விசாரிக்கட்டும்."

வீட்டுக்காரரின் சிரிப்பு காணாமல் போனது. சாவிக்கொத்தின் சத்தமும் நின்றது. என்னால் ஒரு வருஷம் மண்ணைத் தோண்டியும் வரவழைக்க முடியாததை, பயம் அந்த ஆளின் வாயிலிருந்து வரவழைத்தது.

"எடுக்கல சார். சத்தியமா எடுக்கல. அப்பாவுக்குச் செலவு கட்டுப்படியாகல. அப்படியே விட்டு மேல காங்கிரீட் போட்டுத் தரைய உயர்த்திட்டோம். உள்ள இருந்தது என்னாச்சுன்னுகூட யாரும் பாக்கல. தரைக்குத்தான் அனுமதி இருக்கே சார், நீங்களே பாத்திருப்பீங்களே!"

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. பல நாள் காணாமல் போயிருந்த காகிதம் கிடைத்தவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா டிகிரி? தொட்டி எங்கயும் போகல. சட்டப்படி இங்கதான் இருக்கு. நான் எழுதினது எழுத்துக்கு எழுத்து சரி."

அக்கா குனிந்து அந்தத் தரையைப் பார்த்தாள். வழுவழுவென்ற, தவழ்வதற்கென்றே போட்ட மாதிரியான தரை. பிறகு படியிலிருந்து இறங்கி நடைக்கு வந்து நின்றாள்.

"எனக்கு இந்த வீடு வேண்டாம்."

"ஏம்மா?" பெரியப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரு குறை கிடையாதே!"

"உங்க அறிக்கைய நம்பித்தான் பெரியப்பா வேண்டாம்ங்கறேன்."

அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அறிக்கையை நம்பினார்கள் அல்லவா? அன்று சாயங்காலத்துக்குள், தன் மதிப்பீடு கைக்குழந்தைகளைக் காப்பாற்றிய கதை தெரு முழுக்கப் போய்விட்டது. சொன்னது அவரேதான். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை. குழந்தைகள் மூச்சுவிடுவதைப் பற்றி அவர் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வராத ஒரு விண்ணப்பத்துக்காகத்தான் அவர் கொதித்தார். ஆனால் குழந்தைகளைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த நான், அந்த அறையில் ஒரு வார்த்தை பேசியிருந்தேனா? இந்த இடத்தில் என் இளக்காரம் கொஞ்சம் நொண்டுகிறது.

அக்காவுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. "அதுவரைக்கும் பிள்ளைங்கள நம்ம கூடத்துக்குக் கூட்டிட்டு வா" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். வீட்டைக் காப்பகமாக மாற்ற அனுமதி வேண்டும் என்று பெரியப்பா குதித்தார். "விருந்தாளி வர்றதுக்கும் அனுமதியா?" என்றாள் பெரியம்மா. விருந்தாளிகள் தினமும் காலையில் வந்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் போகிறார்கள். பெரியப்பா முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். பார்த்தால் மனசு மாறிவிடுமே!

அந்த வீடு மறுபடியும் விலைக்கு வந்தபோது, அதே அறிக்கையின் நகலைக் கேட்டு வங்கியிலிருந்து ஆள் வந்தது. தொட்டி இன்னமும் வசதிகளில்தான் இருந்தது. அதைக் குறைகளுக்கு மாற்றுங்கள் என்றேன்.

"வாயால சொன்னா மாத்த முடியாது. எழுத்து மூலமா விண்ணப்பம் குடு."

கொடுத்தேன். கரைப்பான் என்ன செய்யும், ஆவி எப்படி ஏறும், யார் மூக்கில் ஏறும் என்று யாருக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். 'இருக்கலாம்' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினார். திருப்பி நீட்டினார்.

"கல்வித் தகுதி எங்க?"

"பெரியப்பா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியுமா?"

பெயருக்குக் கீழே பட்டத்தை எழுதினேன். வாங்கிப் பார்த்தார். மண்ணைப் பற்றி நான் எழுதியிருந்ததன் பக்கம் அவர் கண் போகவே இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் மெதுவாக, உதடு அசைய வாசித்தார். பிறகு முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கி ஒரு குத்து குத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த விருந்தாளிகளில் ஒன்று விழித்துக்கொண்டு அழுதது.