படத்தில் இல்லாத பின்வாசல்

பத்தாவதோடு நின்றவள் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்!

இரண்டு பொய் சொன்னேன். ஒன்று, என்னை நம்பிக் கேட்டவரிடம். இன்னொன்று, அவரைப் பற்றி, அவர் எதிரிலேயே.

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு நூற்பாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்; ஆட்கள் வருகிற, போகிற நேரத்தைப் பதிவது என் வேலை. ஆலைக்குக் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தார்கள். அதற்குத் திட்டம் போட மெட்ராஸிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். புரோகிராம் எழுதுவதற்கு முன், ஆலையின் வேலை முழுவதையும் ஒரே சார்ட்டில் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்தார். ஆள் எந்த வாசலில் நுழைகிறார், எங்கே போகிறார், கூலி எப்படிக் கணக்காகிறது...

"இதுல நாம விட்டது எதுவும் மெஷினுக்குத் தெரியாதுக்கா. ஷிப்டு நடுவுல யாராவது வெளிய போவாங்களா?"

"இல்ல சார்."

போவார்கள்! எரியோட்டிலிருந்து வந்து ஆலைப் பக்கம் குடியிருந்த தொழிலாளி பாப்பாத்தி போவாள். அவள் மாமியார் கைப்பிள்ளையோடு பஞ்சுக் கிடங்கின் பின்வாசலில் நிற்பாள். "பால் கட்டி உசுரு போகுது மதினி, செத்த நேரம்..." என்பாள் பாப்பாத்தி. நான் தலையாட்டுவேன். எதிலும் எழுத மாட்டேன். அவளைப் போல இன்னும் சிலர். அதற்கும் ஒரு கட்டம் விழுந்தால், வெளியே நின்ற நேரத்துக்கெல்லாம் கூலி பிடிப்பார்கள். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

முதலாளி சார்ட்டைப் பார்க்க வந்த அன்று, பின்வாசலில் பிள்ளை வீறிட்டது. எட்டிப் பார்த்தார்; ஷிப்டு நடுவில் பாப்பாத்தி வெளியே நின்றாள்.

"இது உங்க படத்துல எங்கப்பா?"

"அக்காகிட்ட கேட்டேன் சார்..."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கேட்டாராம்மா?"

நிமிர்ந்து பேசியே பழக்கமில்லாதவள் நான். தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "கேக்கல சார்."

கூச்சக்காரி பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்?

"இதையே கேக்காதவன் வேற என்னத்தக் கேட்டுக் கிழிச்சிருப்பான்!" முதலாளி சார்ட்டைச் சுருட்டி அந்த இளைஞரின் கையில் திணித்தார். கம்ப்யூட்டர் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த இளைஞர் என்னை ஏசவில்லை. பார்த்தார்... அவ்வளவுதான். அவருக்கு வேலை போயிற்றா? தெரியாது. விசாரிக்கத் துணிவில்லை. முதல் பொய் பாப்பாத்திக்காக. இரண்டாவது அவளுக்காகவா, என் வேலைக்காகவா? அதுவும் தெரியவில்லை... அந்தப் பார்வை இன்னும் என்னோடு இருக்கிறது. இருக்கட்டும்! மறுபடி கேட்டாலும் "இல்ல சார்" என்றுதான் சொல்வேன்.

மறுநாள் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். நம்பிக்கையான ஆள் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் திறந்தேன்.