கௌதாரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

அக்காவின் கணவருக்குக் கௌதாரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். மாமா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். நான் மண்ணூர்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் அது. ஞாயிறு விடிந்ததும் இருவரும் ஒரே சைக்கிளில், சென்னீர்குப்பத்தைத் தாண்டியிருந்த முள்ளுக்காட்டுக்குப் போவோம்.

சாமான் எடுத்துவைப்பதில் மாமாவுக்குத்தான் ஆசை அதிகம். நைலான் நரம்பு வெயிலில் மின்னுகிறது என்று அதை டீத்தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கண்ணி முடிவார். பழக்கிய கௌதாரி ஒன்று எங்களிடம் இருந்தது. கூண்டோடு புதரடியில் வைத்தால் அது கத்தும்; சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரிச் சேவல், சுற்றி நட்டிருக்கும் கண்ணியில் காலை விடும். கத்திக் கூப்பிடும் அந்தப் பறவையைப் பார்வை என்போம். கூண்டைத் துணியால் மூடி நான் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வேன். கண்ணி, கத்தி, தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்ட கோணிப்பையோடு மாமா கேரியரில் உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, தொழிற்சாலையில் கொடுத்த தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காய்ந்த சருகில் ஒவ்வொரு அடிக்கும் நொறுநொறுவென்று சத்தம்.

"மாமா, அத்த கழட்டிடுங்க. இந்த சத்தத்துக்கு ஒண்ணும் கிட்ட வராது."

"முள்ளு குத்தும்லா மாப்ளே."

"நானும் வெறுங்கால்லதான கீறேன்?"

சிரித்துக்கொண்டே கழற்றினார்.

பார்வை கத்தியது. தூரத்திலிருந்து பதில் வந்தது. இன்னும் இரண்டு கண்ணி நட்டுவிட்டு வருகிறேன் என்று மாமா குனிந்து போனார். "ஏலே!" என்று ஒரே குரல்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கணுக்காலில் இரண்டு பொட்டு ரத்தம். கண்ணாடி விரியன் புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அவரைத் தாங்கி நடத்திக்கொண்டு வந்து சைக்கிளில் ஏற்றினேன். "பார்வைய விட்டுட்டு வராத, நாய் கடிச்சிரும்" என்றார். நானும் திரும்பி ஓடிக் கூண்டை எடுத்தேன். கண்ணிகளையும் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும்.

ஹைவேயில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். முதலில் போன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மாமாவுக்குச் சிறுநீர் நின்றது. ஐந்தாம் நாள் போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா" என்றார்.

அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம். காரியம் முடிந்து நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது வாசலில் மறித்தாள்.

"எங்க எத்துகினு போற?"

"எங்கனா உட்டுடறேன்க்கா."

"வெய்யி. அவரு ஆசையா வளத்தது."

அவளே தீனி போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் வேலியோரப் புற்றிலிருந்து கரையான் வெட்டி வருவாள். விடிந்தால் அது கத்தும். நான் போகும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

குழந்தை பிறந்த பிறகுதான் வாய் திறந்தேன். பூட்ஸைக் கழற்றச் சொன்னதையும், கூண்டுக்காகத் திரும்பி ஓடியதையும் சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கொஞ்ச நாளிக்கி இந்தப் பக்கம் வராத."

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. மாமாவின் தொழிற்சாலையிலேயே அவளுக்கு வேலை கிடைத்ததை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஏழு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்த பதினோராம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள், குளிப்பாட்டினாள், என் மனைவியிடம் நிறையப் பேசினாள். என் பக்கம் திரும்பவேயில்லை. கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். பஸ் வருவதற்குள் ஏதாவது கேட்பாள், திட்டவாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இளைச்சிட்டடா" என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.